ஆல்ட்டைத் தட்டினால் பேச வேண்டும்: மெனு கட்ட டபிள்யூஎக்ஸ்பைத்தான் எப்படி?

ஆல்ட் விசையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருள்) ஒரு பெயரைச் சொன்னால் மெனு இருக்கிறது. சொல்லாவிட்டால், திரையில் எத்தனை அழகாகத் தெரிந்தாலும், பார்வையற்றவருக்கு அந்தச் செயலியில் மெனுவே கிடையாது. பார்வையற்ற புரோகிராமர் ஒருவர் யாருடைய கண்ணையும் கடன் வாங்காமல், தானே எழுதி, தானே காதால் சரிபார்த்து ஒரு மெனுவைக் கட்டி முடிக்க எந்தக் கருவி கைகொடுக்கும்? பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு எங்கள் பதில் டபிள்யூஎக்ஸ்பைத்தான், அதாவது ஜன்னலும் மெனுவும் கட்டித் தரும் டபிள்யூஎக்ஸ் நூலகத்தின் பைத்தான் வடிவம். அது காலை வாரும் இடங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

சோதனைக்கு எடுத்தது ஒரு பால் சொசைட்டிக் கணக்குச் செயலி. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் பால் ஊற்றுகிறவர் பெயர் தமிழில் இருக்கும், அலுவலகக் காகிதம் மலையாளத்தில் வரும், கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் ஓடும். அலுவலகத்தில் விண்டோஸ், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் நிறுவனம் தரும் உபுண்டு வழி வந்த லினக்ஸ். ஆகவே மெனு இரண்டு இடத்திலும் பேச வேண்டும், இரண்டு எழுத்தையும் தாங்க வேண்டும். விண்டோஸ் 11-ல் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர், உபுண்டு 22.04-ல் ஆர்க்கா என்ற ஸ்கிரீன் ரீடர், இரண்டிலும் இஸ்பீக் என்ஜி தமிழ்க் குரல். இந்த அமைப்பை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள எல்லாம் சொல்லப்படுகிறது.

முதலில் காரணம். ஸ்கிரீன் ரீடர் திரையில் உள்ள படத்தைப் படிப்பதில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் "இப்போது எந்தப் பொருளின் மேல் நிற்கிறோம், அதன் பெயர் என்ன, வகை என்ன, நிலை என்ன" என்று கேட்கிறது. மெனுவை விண்டோஸே உருவாக்கியிருந்தால் இந்தக் கேள்விகளுக்கு விண்டோஸே பதில் சொல்லிவிடும். செயலி தானாக ஒரு பெட்டி வரைந்து, அதில் எழுத்து எழுதி, சுட்டி படும்போது நிறம் மாற்றி மெனு மாதிரிக் காட்டினால், கேட்டாலும் சொல்ல ஆள் இருக்காது. ஜூலியன் ஸ்மார்ட் 1992-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டபிள்யூஎக்ஸ் நூலகத்தின் அடிப்படையே அந்தந்த சிஸ்டத்தின் சொந்தப் பொருள்களைக் கொண்டு திரையைக் கட்டுவதுதான். விண்டோஸில் மெனு கேட்டால் விண்டோஸ் மெனு, லினக்ஸில் கேட்டால் அங்கே திரையைக் கட்டும் ஜிடிகே நூலகத்தின் மெனு. இதற்கு நம்பகமான சான்று ஒன்று உண்டு: என்விடிஏ-வின் சொந்த மெனுவும் செட்டிங்ஸ் ஜன்னலும் டபிள்யூஎக்ஸ்பைத்தானில் எழுதப்பட்டவை. என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) என் என்ற ஆங்கில எழுத்தைத் தட்டித் திறந்து, அம்பு விசையில் நடந்து பாருங்கள். உங்கள் செயலியின் மெனுவும் அப்படித்தான் ஒலிக்கும்.

நிறுவுவது விண்டோஸில் ஒரு வரி வேலை: பிப் இன்ஸ்டால் டபிள்யூஎக்ஸ்பைத்தான் (பிப் என்பது பைத்தான் நூலகங்களை இறக்கி நிறுவும் கட்டளை). இங்கே ஒரு எச்சரிக்கை. பைத்தானின் புத்தம்புதுப் பதிப்பு வந்த கையோடு அதைப் போட்டால், அதற்கேற்ற ஆயத்தக் கோப்பு அப்போது வந்திருக்காது. பிப் மூல நிரலிலிருந்து கட்ட முயன்று, நூற்றுக்கணக்கான வரிப் பிழையைக் கொட்டும். அந்தக் கொட்டலைக் காதால் கேட்டுக் காரணம் தேடுவது கொடுமை. ஒரு பதிப்பு பின்தங்கியே இருங்கள். காசு கிடையாது; இதைக் கொண்டு கட்டிய செயலியை விற்கவும் உரிமம் தடுப்பதில்லை.

அடுத்தது எடிட்டர். டபிள்யூஎக்ஸுக்கு இழுத்துப் போடும் டிசைனர் தேவையில்லை. மெனு முழுக்க எழுத்தாகவே இருக்கும். பார்வையற்றவருக்கு இது பெரிய லாபம். பைத்தானில் இண்டெண்ட் (வரியின் தொடக்க இடைவெளி) தவறினால் மெனு வரி ஒன்று வேறொரு ஃபங்ஷனுக்குள் போய்விழும். என்விடிஏ செட்டிங்ஸில் டாக்குமெண்ட் ஃபார்மாட்டிங் பகுதிக்குப் போய், லைன் இண்டென்டேஷனை ஒலி, பேச்சு இரண்டிலும் சொல்லும்படி வையுங்கள். வரி உள்ளே போகப் போகச் சுருதி ஏறும். ஒரு வாரத்தில் காது பழகிவிடும். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி கட்டுமானம். ஃபிரேம் (செயலியின் முதன்மை ஜன்னல்) ஒன்று, அதில் மெனுபார் ஒன்று, மெனுபாரில் நான்கு மெனு: கோப்பு, பால், பட்டுவாடா, உதவி. ஒவ்வொரு மெனுவையும் தனியாக உருவாக்கி, அப்பெண்ட் முறையால் வரி வரியாகச் சேர்த்து, பிறகு மெனுவை மெனுபாரில் சேர்த்து, கடைசியில் செட்மெனுபார் முறையால் ஃபிரேமில் மாட்ட வேண்டும். அப்பெண்ட் கேட்பது நான்கு விஷயம்: அடையாள எண், எழுத்து, உதவிக் குறிப்பு, வகை. திற, சேமி, வெளியேறு போன்ற பொது வேலைகளுக்கு டபிள்யூஎக்ஸ் வைத்திருக்கும் ஆயத்த எண்களையே கொடுங்கள். மேக்கில் வெளியேறு, செட்டிங்ஸ் ஆகியவை தானாக உரிய இடத்துக்குப் போய்விடும். அப்பெண்ட் திருப்பித் தரும் மெனு வரியை ஒரு மாறியில் பிடித்துவைத்து, மெனு ஈவெண்டோடு (வரி தேர்ந்ததும் எழும் நிகழ்வு) பைண்ட் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். மெனுபார் ஃபிரேமில் மட்டும்தான் மாட்டும், டயலாகில் மாட்டாது. டயலாகையே முதல் ஜன்னலாக வைத்து ஆரம்பித்தவர்கள் இந்த இடத்தில் திரும்பி வந்து ஃபிரேமுக்கு மாற வேண்டியிருக்கும்.

எழுத்துச் சரத்துக்குள் இரண்டு குறிகளுக்குத் தனிப் பொருள் உண்டு. ஆம்பர்சாண்ட் (&) குறிக்கு அடுத்த எழுத்து ஆல்ட் எழுத்தாகிறது, அதாவது ஆல்ட்டோடு சேர்த்துத் தட்டும் எழுத்து. பின்சாய்வும் டீயும் சேர்ந்த (\t) டேப் குறிக்குப் பின்னால் எழுதுவது ஷார்ட்கட் ஆகிறது. டபிள்யூஎக்ஸின் அருமை இரண்டாவதில் தெரியும். நேரடி விண்டோஸ் நிரலில் மெனுவில் "கண்ட்ரோல்+எஸ்" என்று எழுதினால் அது வெறும் எழுத்து. விசை வேலை செய்யத் தனியாக ஒரு பட்டியல் எழுத வேண்டும். மறந்தால் ஸ்கிரீன் ரீடர் ஷார்ட்கட்டை அழகாகச் சொல்லும், தட்டினால் ஒன்றும் நடக்காது. டபிள்யூஎக்ஸில் எழுதியதே விசையாகிவிடுகிறது. காதில் விழுவதும் நடப்பதும் ஒன்றே.

முடித்ததும் இப்படிக் கேட்கும். எஃப்10 தட்டினால் "கோப்பு, சப்மெனு, ஆல்ட் பிளஸ் எஃப்". வலது அம்பு, "பால், சப்மெனு, ஆல்ட் பிளஸ் எம்". கீழ் அம்பு, "காலைப் பால் பதிவு, கண்ட்ரோல் பிளஸ் கே". இன்னொரு கீழ் அம்பு, "மாலைப் பால் பதிவு". எஸ்கேப் இரண்டு முறை, மறுபடி லிட்டர் எழுதும் கட்டத்துக்கே வந்து நிற்கும். கடைசி அடி முக்கியம். எஸ்கேப் அடித்த பிறகு பயனர் எங்கே நிற்கிறார் என்று ஸ்கிரீன் ரீடர் சொல்லாவிட்டால், ஃபிரேமுக்குள் ஃபோகஸ் ஏற்கும் (விசைத் தட்டலை வாங்கும்) பொருள் எதுவும் இல்லை என்று பொருள். ஜன்னல் திறந்ததும் முதல் கட்டத்துக்குச் செட்ஃபோகஸ் கொடுத்துவிடுங்கள்.

ஷார்ட்கட் தேர்வில் சில விசைகளை விட்டு விலகுங்கள். கண்ட்ரோல்+ஆல்ட்+என் என்விடிஏ-வைத் தொடங்கும் விசை. கண்ட்ரோல்+ஆல்ட்+அம்பு அட்டவணைக்குள் கட்டம் தாண்ட உதவுவது. இன்சர்ட்டும் கேப்ஸ் லாக்கும் ஸ்கிரீன் ரீடருக்குச் சொந்தம், தொடவே கூடாது. இன்னொன்று: துணை விசை இல்லாமல் வெறும் டெலீட்டை மெனுவில் ஷார்ட்கட்டாக வைத்தால், எழுதும் கட்டத்தில் ஓர் எழுத்தை அழிக்க நினைத்து டெலீட் தட்டும்போது உறுப்பினர் பதிவே அழியக்கூடும். பார்க்கிறவர் உடனே கண்டுபிடிப்பார். கேட்கிறவருக்கு அடுத்த பெயர் வாசிக்கப்படும்போதுதான் சந்தேகமே வரும்.

தமிழ் மெனுவில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறோம்.

ஆல்ட் எழுத்தைத் தமிழிலேயே வைத்தால் என்ன என்று தோன்றும். "கோப்பு" என்பதன் முன்னால் ஆம்பர்சாண்ட் போட்டால் நிரல் எடுத்துக்கொள்வது "க" என்ற அகரமேறிய எழுத்தை மட்டும். ஓகாரக் குறி தனியாகத் தொங்கும். போதாததற்கு பால், பதிவு, பட்டுவாடா, பட்டியல் என்று நம் மெனு முழுக்க "ப"வில் தொடங்குகிறது. ஒரே மெனுவில் இரண்டு வரிக்கு ஒரே ஆல்ட் எழுத்து இருந்தால் விண்டோஸ் எதையும் இயக்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி நிற்கும், என்டர் தட்டினால்தான் வேலை நடக்கும். ஜப்பானிய மெனுக்களில் உள்ள வழிதான் நமக்கும் சரி: தமிழ்ச் சொல்லின் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எழுத்தைப் போட்டு, ஆம்பர்சாண்டை அதன் முன்னால் வைப்பது. கோப்புக்கு எஃப், பாலுக்கு எம், பட்டுவாடாவுக்குப் பி, உதவிக்கு ஹெச். தமிழ்99 கீபோர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆல்ட்டோடு சேர்ந்து எந்த எழுத்து போய்ச் சேரும் என்பது அந்தக் கீபோர்டு மென்பொருளைப் பொறுத்தது. எஃப்10-ம் அம்பும் எந்தக் கீபோர்டிலும் மாறாது. பயிற்சி கொடுக்கும்போது அந்த வழியை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

இதனால் ஒரு சின்னத் தொல்லை வரும். அடைப்புக்குறிக்குள் உள்ள எழுத்து பெயரோடு ஒருமுறை, ஆல்ட் எழுத்தாக மறுமுறை, இரண்டு தடவை வாசிக்கப்படும். என்விடிஏ செட்டிங்ஸில் ஆப்ஜெக்ட் பிரசெண்டேஷன் பகுதியில் ஷார்ட்கட் விசைகளைச் சொல்லும் தேர்வை எடுத்துவிட்டால் இரண்டாவது ஒலி நின்றுவிடும். ஆனால் அது பயனரின் விருப்பம். செயலி எழுதுகிறவர் அதை நம்பி எதையும் கட்டக் கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல் சொல் வரிசை. ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும், தமிழில் பின்னால் வரும். "கணக்கை அச்சிடு", "கணக்கை அனுப்பு", "கணக்கை அழி" என்று மூன்று வரி எழுதினால் கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும். வேகமாகக் கேட்டுப் பழகியவர் ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு அசையைக் கேட்டதும் அடுத்த அம்பைத் தட்டிவிடுவார். இங்கே அவருக்குக் கேட்பது "கணக், கணக், கணக்". வேறுபாடு கடைசியில் இருப்பதால் ஒவ்வொரு வரியையும் முழுக்கக் கேட்டே ஆக வேண்டும். அதிலும் "அனுப்பு", "அழி" இரண்டும் ஒரே உயிரில் தொடங்குகின்றன, அவற்றை அடுத்தடுத்து வைத்தால் ஆபத்து. வேறுபடுத்தும் சொல்லை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்: "அச்சு, கணக்கு", "அனுப்பு, கணக்கு". "பால் பதிவு காலை" என்பதைவிடக் "காலைப் பால் பதிவு" நல்லது. அழிக்கும் வேலையை மெனுவின் கடைசிக்குத் தள்ளி, "நீக்கு" என்று ஒலியே வேறாக உள்ள சொல்லைக் கொடுங்கள். இதைச் செய்த மெனுவையும் செய்யாத மெனுவையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் அரை நிமிடத்தில் புரியும். டபிள்யூஎக்ஸோ வேறெந்தக் கருவியோ இதைச் செய்து தராது. தமிழில் மெனு எழுதுகிறவர் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மலையாளம் கலக்கும்போது இன்னொரு கதவு அடைபடுகிறது. இணையப் பக்கத்தில் இந்தச் சொல் மலையாளம், இது தமிழ் என்று குறித்துவைக்க வழி உண்டு. ஸ்கிரீன் ரீடரும் குரலை மாற்றிக்கொள்ளும். விண்டோஸ் மெனுவில் அப்படி மொழி குறிக்க இடமே இல்லை. தமிழ்க் குரல் ஓடும்போது மலையாள எழுத்தில் ஒரு வரி வந்தால், அது ஒழுங்காகச் சொல்லாகக் காதில் விழும் என்று நம்ப முடியாது. ஆங்கில எழுத்துக்கு இந்தக் கஷ்டம் இல்லை, இஸ்பீக் தமிழ்க் குரல் "கண்ட்ரோல்" முதலியவற்றை ஆங்கில உச்சரிப்புக்கு மாறிச் சொல்லிவிடும். ஆகவே ஒரே வரியில் இரண்டு மொழியையும் எழுதும் பழக்கம், அதாவது பஸ் போர்டு மாதிரி மேலே மலையாளம் கீழே தமிழ், மெனுவுக்கு ஆகாது. மொழித் தேர்வு ஒன்று வைத்து, மெனு முழுவதையும் ஒரே மொழியில் காட்டுங்கள். ஆனால் அந்த மொழித் தேர்வு இருக்கும் வரி மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தவறிப்போய் வேறு மொழிக்கு மாற்றிவிட்டவர் திரும்பி வர வழி வேண்டும்.

சரி, வழக்கமாக எங்கே உடைகிறது? சமீபத்தில் திறந்த கணக்குகளை மெனுவில் காட்டுவது எல்லோருக்கும் பிடித்த வசதி. உறுப்பினர் பெயர் அல்லது கடைப் பெயரில் ஆம்பர்சாண்ட் இருந்தால் குறி மறைந்து, அடுத்துள்ளது ஆல்ட் எழுத்தாகிவிடும். "முருகன் & சன்ஸ்" என்பது "முருகன் சன்ஸ்" என்று வாசிக்கப்படும். வெளியிலிருந்து வரும் எந்தப் பெயரையும் மெனுவில் போடும் முன் ஆம்பர்சாண்டை இரட்டிப்பாக்குங்கள். எஸ்கேப்நெமானிக்ஸ் என்ற ஆயத்த முறையும் இருக்கிறது. அதே பட்டியலை லூப்பில் கட்டும்போது லாம்ப்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) போட்டு பைண்ட் செய்தால், எந்த வரியைத் தட்டினாலும் கடைசிக் கணக்கே திறக்கும். லாம்ப்டா மாறியின் பெயரை வைத்திருக்கிறதே தவிர, அந்தச் சுற்றின் மதிப்பை வைத்திருக்கவில்லை. மதிப்பை டீஃபால்ட் ஆர்கியுமெண்டாகப் பிடித்துக் கொடுத்தால் சரியாகும். மெனு பெயரைச் சரியாக வாசிப்பதால் இந்தப் பிழை காதுக்கு உடனே தெரியாது. திறந்த ஜன்னலின் தலைப்பை என்விடிஏ விசையோடு டி தட்டிக் கேட்டால்தான் பிடிபடும்.

பிரிகோடுகள் கேட்பவருக்கு இல்லை. அம்பு அவற்றைத் தாண்டிப் போய்விடும், ஸ்கிரீன் ரீடர் வாயே திறக்காது. பதினைந்து வரியை நான்கு கோட்டால் பிரித்து "ஒழுங்குபடுத்திவிட்டேன்" என்று நினைப்பவர் கண்ணுக்கு மட்டும் ஒழுங்குபடுத்தியிருக்கிறார். ஏழெட்டு வரிக்கு மேல் போனால் சப்மெனுவாக்குங்கள், அதுவும் ஒரு படிக்கு மேல் ஆழம் வேண்டாம்.

டிக் போடும் வரிகளுக்கு அப்பெண்ட்செக்ஐட்டம் பயன்படுத்தினால், டிக் விழுந்திருக்கும்போது செக்டு என்று நிலை சொல்லப்படும். எழுத்தின் முன்னால் டிக் குறியை நீங்களே ஒட்டவைத்தால் சொல்லப்படாது. ஆனால் ஒரு குறை: தேர்ந்தெடுத்ததும் மெனு மூடிவிடுகிறது, புதிய நிலை என்ன என்று யாரும் சொல்வதில்லை. எஸ்என்எஃப் (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) கணக்கிடு என்பதை ஆன் செய்தாரா ஆஃப் செய்தாரா என்று தெரிய மறுபடி மெனுவுக்குள் போக வேண்டும். என்விடிஏ-வின் கண்ட்ரோலர் கிளையண்ட் கோப்பு வழியாகவோ, அதைச் சுற்றி எழுதிய ஆக்ஸசிபிள் அவுட்புட் 2 நூலகத்தாலோ "எஸ்என்எஃப் ஆன்" என்று இரண்டு சொல் பேசவைக்கலாம். இரண்டு சொல் போதும். எல்லாவற்றையும் பேசவைக்கத் தொடங்கினால் ஸ்கிரீன் ரீடர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்றையொன்று வெட்டும்.

அப்பெண்டின் மூன்றாவது விஷயமான உதவிக் குறிப்பு ஸ்டேட்டஸ் பாரில் போய் விழும். அது தானாக வாசிக்கப்படாது. என்விடிஏ விசையோடு எண்ட் தட்டினால்தான் கேட்கும், லேப்டாப் அமைப்பில் கூடவே ஷிஃப்டும் வேண்டும். முக்கியமான எச்சரிக்கையை அங்கே எழுதி ஒளித்துவைக்காதீர்கள்.

வலது கிளிக் மெனுவில் பெரும்பாலோர் செய்யும் தவறு, வலது பட்டன் அழுத்தும் ஈவெண்டைப் பிடிப்பது. சுட்டி பிடிக்காதவருக்கு அந்த ஈவெண்ட் வரவே வராது. கான்டெக்ஸ்ட் மெனு ஈவெண்டைப் பிடியுங்கள்: அது வலது கிளிக்குக்கும் வரும், அப்ளிகேஷன்ஸ் விசைக்கும் வரும், ஷிஃப்ட்+எஃப்10-க்கும் வரும். கீபோர்டிலிருந்து வந்தால் இருப்பிட எண்கள் இரண்டும் கழித்தல் 1 ஆக இருக்கும். அதைப் பார்த்து, மெனுவைத் தேர்ந்த வரியின் பக்கத்தில் திறக்கும்படி செய்தால் பார்க்கும் சக ஊழியருக்கும் குழப்பம் இராது.

இதே டபிள்யூஎக்ஸுக்குள் தவிர்க்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஏஜிடபிள்யூ தொகுப்பில் ஃப்ளாட்மெனு என்று ஒன்று வரும். பார்க்க நவீனமாக இருக்கும், முழுக்கப் பைத்தானில் வரையப்பட்டது, ஸ்கிரீன் ரீடருக்கு வெற்றுச் சுவர். மெனு வரியின் எழுத்துரு, நிறம் மாற்றினாலும் விண்டோஸ் வரைவது நின்று டபிள்யூஎக்ஸ் வரையத் தொடங்குகிறது. அப்படி ஏதாவது தொட்டால் அந்த வரியை மறுபடி காதால் கேட்டுவிட்டே விடுங்கள். டூல்பார் படங்களை மெனுவுக்கு மாற்றாக நினைக்கவே வேண்டாம். டூல்பாரில் இருக்கும் ஒவ்வொரு வேலையும் மெனுவிலும் இருக்க வேண்டும்.

சோதிக்கும்போது மௌனம்தான் பெரிய எதிரி. மெனு வரியைத் தட்டினீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. வேலை நடந்து முடிந்ததா, நிரல் விழுந்துவிட்டதா? கன்சோல் இல்லாமல் ஓடும் நிரலில் பைத்தான் பிழை எங்கேயும் கேட்காமல் மறையும். ஆப்பை உருவாக்கும்போது ரீடைரக்டை ட்ரூ என்று வைத்து ஒரு கோப்புப் பெயரும் கொடுங்கள். பிழையெல்லாம் அங்கே சேரும், நிதானமாக வரி வரியாகக் கேட்கலாம். நிரல் ஓடுகிறது, ஜன்னலே வரவில்லை என்றால் முதலில் ஷோ முறையை அழைத்தீர்களா என்று பாருங்கள். ஸ்கிரீன் ரீடர் ஏன் இப்படிச் சொல்கிறது என்று அறிய, அந்தப் பொருளின் மேல் நின்று என்விடிஏ விசையோடு எஃப்1 தட்டினால் என்விடிஏ-வின் பதிவேடு (லாக்) திறந்து அதன் பெயர், வகை, நிலை எல்லாம் வரிசையாக இருக்கும். பார்வையுள்ள தோழரிடம் விளக்க வேண்டியிருந்தால் டூல்ஸ் மெனுவில் ஸ்பீச் வியூவரைத் திறந்து காட்டுங்கள், பேசுவதெல்லாம் எழுத்தாக ஓடும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? டிகிண்டர் என்ற ஜன்னல் கட்டும் நூலகம் பைத்தானோடு இலவசமாக வருகிறது, பாடப் புத்தகமெல்லாம் அதில்தான். ஆனால் அதன் பொத்தானும் எழுதும் கட்டமும் விண்டோஸில் தங்கள் பெயரைச் சொல்வதில்லை. பார்வையற்ற மாணவருக்கு அதில் பாடம் வைப்பது அநியாயம். பைசைட் 6 வழியாகப் பைத்தானுக்கு வரும் க்யூட்டி என்ற நூலகம் தானே வரைந்தாலும், ஸ்கிரீன் ரீடருக்குப் பதில் சொல்லும் பகுதியையும் கூடவே எழுதி வைத்திருக்கிறது. மெனு நன்றாகவே பேசும். பெரிய செயலிக்கு அது தகுதியான போட்டி. சி ஷார்ப் மொழி தெரிந்தவருக்கு வின்ஃபார்ம்ஸ் நூலகத்தின் மெனுஸ்ட்ரிப் சரிப்படும், டிசைனரை மறந்துவிட்டுக் கையால் எழுதினால். பழைய மெயின்மெனுவைச் சொல்லித் தரும் பாடத்தை நம்பி இறங்காதீர்கள், டாட்நெட் கோர் 3.1-ல் அதை எடுத்துவிட்டார்கள். இணையப் பக்கத்தில் மெனு கட்டுவது வேறு உலகம்: மெனு, மெனுஐட்டம் என்று ரோல் (பொருளின் வகையைச் சொல்லும் குறி) மட்டும் எழுதிவிட்டு அம்பு விசைகளுக்கு நிரல் எழுதாமல் விட்டால், ஒன்றும் எழுதாமல் இருந்ததைவிட மோசம். ஸ்கிரீன் ரீடர் மெனு என்று சொல்லும், பயனர் அம்பைத் தட்டுவார், எதுவும் நகராது.

லினக்ஸ் பக்கம் நிறுவுவதில் சிக்கல் உண்டு. அங்கே பிப் வழியே போனால் மூல நிரலிலிருந்து கட்டத் தொடங்கிவிடும், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டருக்கு அது தாங்காது. உபுண்டுவின் சொந்தப் பொதியான பைத்தான்3-டபிள்யூஎக்ஸ்ஜிடிகே4.0 என்பதை ஏபிடி கட்டளையால் போடுங்கள். சிஸ்டம் பைத்தானோடு மட்டும்தான் ஓடும், அது போதும். ஆர்க்காவை சூப்பர்+ஆல்ட்+எஸ் தட்டி எழுப்பிவிட்டு எஃப்10 தட்டினால், விண்டோஸில் எழுதிய அதே கோப்பு, ஒரு வரியும் மாற்றாமல் பேசும். ஆல்ட் எழுத்தை ஆர்க்கா தானாகச் சொல்லாது. இன்சர்ட்டும் ஸ்பேஸும் தட்டி அதன் செட்டிங்ஸைத் திறந்து, நெமானிக் (ஆல்ட் எழுத்து) சொல்லும் தேர்வை ஆன் செய்ய வேண்டும். கண்ட்ரோலர் கிளையண்ட் கோப்பு விண்டோஸுக்கு மட்டுமானது என்பதால், அதை அழைக்கும் இடத்தில் எந்த சிஸ்டம் என்று முதலில் கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால் பள்ளிக்கூடத்தில் செயலி திறக்கும்போதே விழும், அதுவும் மௌனமாக.